இ-கிராம் சுவராஜ், மேரி பஞ்சாயத்து: ஊராட்சிக் கணக்கைப் பார்க்க உதவுமா? மானூர் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

ஊராட்சி மன்றம் எந்த வேலைக்கு, யாருக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு பணம் கொடுத்தது என்பதை யாரிடமும் போய் நிற்காமலே பார்க்கலாம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் பலர் நம்புவதில்லை. பார்க்கலாம். மத்திய அரசின் இ-கிராம் சுவராஜ் தளம் 2020 ஏப்ரல் 24-ம் தேதி, பஞ்சாயத்து ராஜ் தினத்தன்று தொடங்கப்பட்டது. அதில் உள்ள விவரங்களைக் கைப்பேசியில் பார்க்க மேரி பஞ்சாயத்து என்று ஒரு செயலி இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது.

நான் திருநெல்வேலி மாவட்டம் மானூர் ஒன்றியத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். முன்னால் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்ததால் ஊருக்கு இன்னும் டீச்சர்தான். பட்டா, வருமானச் சான்று, வீட்டுத் தீர்வை என்று வருகிறவர்கள் பேச்சோடு பேச்சாக, "நம்ம பஞ்சாயத்துக்கு எம்புட்டு பணம் வருது டீச்சர்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்தத் தளத்துக்குள் போனேன். இப்போது கடைக்கு வருகிறவர்களுக்கு நானே திறந்து காட்டுகிறேன். பயன்படுத்திப் பார்த்ததில் எது உதவியது, எது உதவாது என்று எழுதுகிறேன். எங்கள் மாவட்டத்தின் 204 ஊராட்சிகளில் யாராவது ஒருவர் படித்துவிட்டுத் தன் ஊர்க் கணக்கைத் திறந்தாலே போதும்.

முதலில் உள்ளே போகும் வழி. அறிக்கைகள் பகுதியில் நிதியாண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நாம் எழுதுவது ஒரு மாதிரி, பதிவில் இருப்பது வேறு மாதிரி என்பதால் தேடும்போது குழப்பம் வரும். ஒவ்வொரு ஊராட்சிக்கும் எல்.ஜி.டி. எண் என்று ஓர் அடையாள எண் அரசுப் பதிவில் இருக்கிறது. அதை ஒருமுறை கண்டுபிடித்து ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் அப்புறம் சிரமம் இல்லை. என் கடைச் சுவரில் சுற்றுப்பட்டு ஊர்களின் எண்களை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஊராட்சி வளர்ச்சித் திட்டம்: இந்த ஆண்டு என்னென்ன வேலை செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது. இன்னொன்று, வவுச்சர் (ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும் போடும் செலவுச் சீட்டு) வாரியான செலவு. திட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் அதிகம். செலவுதான் முக்கியம்.

இதில் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் மத்திய நிதிக்குழு மானியம். 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் சொன்ன கணக்கு இது: மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் பாதிப் பாதியாகத்தான் செலவிட வேண்டும். மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவைக்கேற்பச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு பட்டியலைப் பார்த்தால் எந்தச் செலவு எந்தத் தலைப்பில் வந்திருக்கிறது என்று பிடிபடும். குடிநீர்த் தலைப்பில் வருகிற பணம் பெரிது. எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. சிற்றாற்றுத் தண்ணீர் வந்து குளம் பெருகினால் உண்டு, இல்லாவிட்டால் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும்தான் கதி. அதனால் மோட்டார் ரிப்பேர் வவுச்சர் இல்லாத ஊராட்சியை நான் பார்த்ததில்லை.

அந்த மோட்டார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் பார்த்த ஓர் ஊராட்சியின் பட்டியலில் ஒரே நிதியாண்டில் ஐந்து மோட்டார் ரிப்பேர் வவுச்சர்கள் இருந்தன. விவரப் பத்தியில் 'மோட்டார் ரிப்பேர்' என்று மட்டும்தான். எந்தத் தெரு, எத்தனை எச்.பி., காயில் கட்டினார்களா, பைப் மாற்றினார்களா, ஒன்றும் இல்லை. தளத்தில் அந்தப் பத்தி இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்பது பதிவேற்றுகிறவர் கையில் இருக்கிறது.

நான் அதைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். தீர்வை கட்ட வந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்தார்கள். பீடி சுற்றுகிறவர்கள். எங்கள் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களிடம் எண்ணிக்கையில் யாரும் விளையாட முடியாது. வாங்கின இலைக்கும் தூளுக்கும் எத்தனை பீடி வர வேண்டும், எத்தனையைக் கழித்தார்கள் என்று தினமும் கம்பெனிக் கடையில் நின்று கணக்குத் தீர்க்கிறவர்கள். நான் தேதிகளை வாசித்துச் சொன்னேன். அவர்கள் விரலை மடக்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார்கள்.

"மார்கழியில மோட்டார் தூக்கவே இல்லையே டீச்சர். மாசம் பூரா தண்ணி வந்துச்சு. வாசத் தெளிக்கத் தண்ணி இல்லாத நாளு எனக்கு மறக்குமா?"

நீர்மூழ்கி மோட்டாரை ரகசியமாகத் தூக்க முடியாது. வண்டி தெருவில் வந்து நிற்கும். பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரத்தில் அடுக்குவார்கள். காயில் கட்டித் திரும்ப இறக்கும்வரை தெருவில் தண்ணீர் இருக்காது. குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு அலைந்த பெண்களுக்கு அந்த நாள் அப்படியே நினைவில் இருக்கும். சித்திரையில் கோயில் கொடைக்கு முந்தின வாரம், ஆடியில் ஒருமுறை, ஐப்பசி மழையில் இடி விழுந்து போனது ஒன்று. இப்படி மூன்று முறையைத் தெருவே சேர்ந்து சொன்னது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வவுச்சர் தேதி என்பது பணம் கொடுத்த தேதி, வேலை நடந்த தேதி இல்லை. புரட்டாசியில் செய்த வேலைக்குத் தையில் பணம் போயிருக்கலாம். அதனால் தேதி பொருந்தவில்லை என்று உடனே திருட்டு என்று கத்தக் கூடாது. பின்னால் ஐந்தாறு மாதம் தள்ளிப் பார்க்க வேண்டும். தண்ணீரைத் திறந்துவிடும் டேங்க் ஆபரேட்டர் அண்ணாச்சியிடம் கேட்க வேண்டும், அவருக்குத் தெரியாமல் எந்த மோட்டாரும் மேலே வராது. அப்படியெல்லாம் பார்த்த பிறகும் ஐந்துக்கு மூன்றுதான் கணக்கில் வந்தது.

அக்காவும் அந்தத் தெருப் பெண்களும் அக்டோபர் 2 கிராம சபையில் கேட்டார்கள். ஊராட்சிச் செயலர் ஒரு வவுச்சருக்கு உடனே விளக்கம் சொன்னார். அது கீழூரில் உள்ள இன்னொரு மோட்டார். இரண்டு பேர் போய் அந்தத் தெருவில் விசாரித்தார்கள், உண்மைதான். ஐந்தாவதற்கு ரசீதை அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்கள். "அதை எழுதிட்டு வாசிங்க" என்று அக்கா சொல்ல, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்தார்கள்.

இதனால் என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு: அதற்குப் பிறகு அந்த ஊராட்சியின் வவுச்சர்களில் தெருப் பெயரும் மோட்டாரின் எச்.பி.யும் வர ஆரம்பித்திருக்கின்றன. தெரு விளக்கு வாங்கினால் எத்தனை வாட், எத்தனை எண்ணம் என்று வருகிறது. யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுத்து தெளிவாகிவிட்டது. யாரையும் சிறைக்கு அனுப்புவதைவிட எனக்கு இது பெரிய விஷயம். தெருப் பெயர் எழுதிய வவுச்சரில் பொய் சொல்வது கஷ்டம், அந்தத் தெருவில் ஆள் இருக்கிறார்கள் அல்லவா?

சரி, தளத்தில் தெரியாதவை என்ன என்றும் சொல்லியாக வேண்டும். வீட்டுத் தீர்வை, குடிநீர்க் கட்டணம் போன்ற ஊராட்சியின் சொந்த வருமானம், மாநில நிதிக்குழு மானியம், இவற்றின் செலவை இதில் முழுதாகத் தேட முடியாது. அதற்குக் கிராம சபையில் வைக்கும் வரவு செலவு அறிக்கைதான் வழி. வேலையை அளந்து எழுதும் எம்-புக் இதில் இல்லை. சிமென்ட் சாலை எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம் என்று ஓவர்சியர் எழுதியது அந்த அளவுப் புத்தகத்தில்தான் இருக்கும். அதை நேரில் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. 2005-ம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 2-வது பிரிவின் 'ஜே' உட்பிரிவு, ஆவணத்தை மட்டும் இல்லை, வேலையையும் நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் மாதிரி எடுக்கவும் உரிமை தந்திருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால்கூட 5 நாளுக்குள் அவர்களே சரியான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

வீட்டுத் தீர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்தில் இப்போது ஊராட்சி வரிகளைக் கட்டலாம், ரசீது உடனே வருகிறது. கையால் எழுதும் ரசீதுப் புத்தகத்தில் நம் கையில் இருக்கும் தாளும் அவர்கள் வைத்திருக்கும் அடித்தாளும் ஒத்துப்போகிறதா என்று யாராலும் பார்க்க முடியாது. அந்தக் கவலை போய்விட்டது. இதற்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இனி என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயம்: டாங்கிள்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன்படி ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் தப்பாகப் போட்டால் இன்னொருவர் நிறுத்தலாம் என்பதற்காகத்தான் இரண்டு கையெழுத்து. இ-கிராம் சுவராஜ் வழியாகப் பணம் போகும்போது கையெழுத்து டிஜிட்டலாக மாறிவிட்டது. பென்டிரைவ் மாதிரி ஒரு டாங்கிளைச் செருகி, கடவு எண்ணைத் தட்டி ஒப்புதல் கொடுக்க வேண்டும். கையெழுத்தைப் போலியாகப் போடக் கொஞ்சமாவது திறமை வேண்டும். டாங்கிளுக்கு அதுவும் வேண்டாம். எண் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் ஒப்புதல் கொடுத்துவிடலாம்.

ஓர் ஊராட்சியிலிருந்து ஒருவர் என் கடைக்கு வந்தார். தலைவரின் வீட்டுக்காரர். இரண்டு டாங்கிளையும் மேசையில் வைத்து, "அடிக்கடி கொண்டாந்து கொண்டு போக முடியல டீச்சர், இங்கனயே கெடக்கட்டும். நம்பர் ரெண்டையும் எழுதித் தாரேன், பில்லு வந்தா நீங்களே போட்டு விட்டிருங்க" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது ஒரு வேலைச் சுமை, அவ்வளவுதான். நான் வாங்கவில்லை. தலைவியம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எப்படிச் செருகுவது, எதைப் படித்துவிட்டு ஒப்புதல் கொடுப்பது என்று நான் சொல்லித் தருகிறேன் என்றேன். நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தானே.

2021 அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த இடத்துக்கு வந்த பெண்ணின் கையில் டாங்கிளும் கடவு எண்ணும் இருக்கிறதா என்பதுதான் அந்த ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்ததா இல்லையா என்பதற்கு அடையாளம். தளத்தில் வவுச்சர் எண் தெரியும், தொகை தெரியும். ஒப்புதல் கொடுத்த விரல் யாருடையது என்று தெரியாது. விரல் ரேகை வைத்தால் ஒழிய ஒப்புதல் ஏறாது என்று மாற்றினால் இந்த ஒரு ஓட்டை அடைபடும். இதை நான் முழு மனதோடு கேட்கிறேன்.

தலைவியம்மா வந்தார்களா என்றால், வந்தார்கள். பத்தாவது வரை படித்தவர்கள். திரையில் தொகையைப் பார்த்ததும் முதலில் கேட்ட கேள்வி, "இந்தக் கடைக்காரர் யாரு? நம்மூர்ல இப்படி ஒரு கடையே இல்லையே?" என்பதுதான். திருநெல்வேலி டவுனில் உள்ள கடை, முறையான பில்தான். ஆனால் அந்தக் கேள்வியை அதுவரை அந்த ஊராட்சியில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மேரி பஞ்சாயத்து செயலியைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. சின்னத் திரையில் நீளமான பட்டியலைப் படிப்பது கண்ணுக்குச் சிரமம். வயதானவர்களுக்குக் காட்ட நான் கம்ப்யூட்டரில் தளத்தைத் திறந்து, பெரிதாக்கி, பிரின்ட் எடுத்துவிடுவேன். கிராம சபைக்குத் தாளோடு போவதுதான் நல்லது. கைப்பேசியை நீட்டினால் "அது ஏதோ நெட்ல வருது" என்று தள்ளிவிடுவார்கள். தாளில் வவுச்சர் எண்ணும் தேதியும் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

கிராம சபை என்றதும் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22 உலக தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டம். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்காகச் சில இடங்களில் ஒரு நோட்டு வாசலிலேயே கையெழுத்துக்கு நிற்கும். பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருக்கும், கீழே நம் கையெழுத்து. மேலே என்ன எழுதுவார்கள்? வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தை எழுதி, வாசித்து, அதன் கீழே போடச் சொல்லுங்கள். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரும் பற்றாளர் முன்னால் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எங்கள் மானூருக்கு இதில் ஒரு பழைய உரிமை உண்டு. மானூர் அம்பலவாணர் கோயிலில் பாண்டிய மன்னன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, சுமார் கி.பி. 800. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம், என்ன தகுதி வேண்டும் என்று சொல்கிறது. எது சொன்னாலும் மறுத்துக் கூட்டத்தைக் குலைக்கிறவர்களுக்கு ஐந்து காசு தண்டம் என்றும் சொல்கிறது. எல்லோரும் பெருமையாகச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டு இதற்கு நூறு ஆண்டுக்கும் மேல் பிந்தியது. அதில் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடவோலையில் நிற்க முடியாது என்று இருக்கிறது. கணக்குக் கேட்பது வெளிநாட்டு வழக்கம் இல்லை, நம் கல்லில் இருப்பதுதான். ஆனால் மானூர்ச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்குத்தான் இடம். பீடி சுற்றும் அக்கா அதற்குள் நுழைந்திருக்க முடியாது. இன்றைக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து நின்று வவுச்சர் எண்ணை வாசிக்கலாம். கல்வெட்டைவிட எனக்கு இது பெருமை.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. தகவலைத் திறந்து வைத்ததற்கு மூன்று, செலவில்லாமல் கிடைப்பதற்கு அரை. டாங்கிள் விஷயத்துக்கு ஒன்று குறைத்தேன். தமிழில் எழுதிய விவரம் கிடைக்காததற்கு மீதி அரை. படிக்காத ஆத்தாவுக்கும் புரியும்படி 'கீழத்தெரு மோட்டார், காயில் கட்டியது' என்று வந்தால் என் மாதிரிக் கடைக்காரி எதற்கு?

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது கணக்குப் பார்க்கும் தளம். லஞ்சம் கேட்டால் இதில் புகார் எழுதிப் பயனில்லை. தீர்வை பெயர் மாற்றத்துக்கோ, கட்டட அனுமதிக்கோ யாராவது பணம் கேட்டால், பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையின் 1064 எண்ணைக் கூப்பிட வேண்டும். 2018-ல் சட்டம் மாறிய பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் 7 நாளுக்குள் சொன்னவருக்கு விலக்கு உண்டு. ஊராட்சியின் மேல் பொதுவான புகார் என்றால் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற அதிகாரம் ஆட்சியருக்குத்தான் இருக்கிறது. மனுவோடு வவுச்சர் பட்டியலையும் தீர்மான நகலையும் இணைத்துக் கொடுங்கள். 'ஊழல் நடக்கிறது' என்று மட்டும் எழுதிய மனுவுக்கு 'விசாரித்ததில் உண்மை இல்லை' என்று எளிதாகப் பதில் வந்துவிடும். வவுச்சர் எண் போட்ட மனுவுக்கு அந்த எண்ணைச் சொல்லித்தான் பதில் எழுதியாக வேண்டும்.

அந்த ஐந்தாவது வவுச்சருக்கு இன்னும் ரசீது வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் அக்கா கேட்டார்கள், தணிக்கைக்குப் போயிருக்கிறது என்றார்கள். இப்போது ரசீதையும் எம்-புக் பக்கத்தையும் நேரில் பார்வையிட அவர்கள் பெயரிலேயே தகவல் உரிமை மனு தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். பெயரைப் போட வேண்டாம், பொதுமக்கள் என்று போடலாமா என்று கேட்டேன். "என் தெருத் தண்ணி டீச்சர், என் பேரையே போடுங்க" என்றார்கள். பதிவுத் தபாலில் போயிருக்கிறது.